பிளகின் போட்டால் தளத்தின் எழுத்தும் நிறமுமே மாறிவிடுகிறதே, இது சரியா?

சரியில்லை. மதுரையில் சின்னக் கடைகளுக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் செய்து கொடுக்கிறேன். பிளகின் என்பது அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல். இந்தத் தொல்லை எனக்குப் பழக்கம். பிளகினிடம் நாம் கேட்பது ஒரு வேலை: ஃபார்ம் வேண்டும், ஸ்லைடர் வேண்டும். மற்றப் பக்கங்கள் எப்படி இருக்கணும் என்று அதனிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

தமிழ்த் தளங்களில்தான் இதன் அடி பலமாக விழுகிறது. சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்றுக்கு ஆர்டர் ஃபார்ம் பிளகின் போட்டோம். அதன் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிப்பு), ஃபார்மோடு நிற்காமல் 'பாடி', அதாவது முழுப் பக்கம், என்றே ஆரம்பித்தது: ஒரு ஆங்கில ஃபான்ட், லைன்-ஹைட் (வரியின் உயரம்) 1.2. அந்த ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே கிடையாது. அப்போது பிரவுசர் அந்தந்தக் கருவியில் கிடைக்கிற தமிழ் ஃபான்ட்டை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஒரு முகம், ஆண்ட்ராய்டில் வேறு முகம். ஆங்கிலத்துக்கு 1.2 எப்படியோ ஒப்பேறிவிடும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகார வளைவுகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருக்கின்றனவே, அதற்கு இடம் எங்கே? கடைக்காரர் போனில், "என்னாச்சு தம்பி, எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது?" என்றார்.

திருத்தப் போனால், வரிக்கு வரி '!இம்பார்ட்டன்ட்', அதாவது மற்ற வரிகளை மீறி இதுதான் செல்லும் என்ற குறி. அதை வெல்ல நானும் '!இம்பார்ட்டன்ட்' போட வேண்டும். அடுத்த அப்டேட்டில் பிளகின்காரர்கள் க்ளாஸ் பெயரை (எந்தப் பகுதிக்கு எந்த ஸ்டைல் என்று அடையாளம் காட்டும் பெயரை) மாற்றினால் அத்தனையும் வீண்.

இத்தனைக்கும் ஒழுங்காக எழுதுவது கஷ்டமே இல்லை. க்ளாஸ் பெயர்களுக்குத் தனி முன்னொட்டு வைக்கலாம். பட்டனும் இன்புட்டும் தாமாகத் தளத்தின் ஃபான்ட்டை எடுத்துக்கொள்ளாது, அங்கே 'இன்ஹெரிட்' (மேலே உள்ளதையே எடுத்துக்கொள்) என்று ஒரு வரி போதும். 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கேஸ்கேட் லேயர், அதாவது ஸ்டைல்களை முன்னுரிமைப்படி அடுக்கும் வசதி, இருக்கிறது. பிளகின் தன் ஸ்டைலை '!இம்பார்ட்டன்ட்' இல்லாமல் ஒரு லேயருக்குள் வைத்தால், லேயரில் இல்லாத தீமின் (தளத்தின் தோற்ற வார்ப்பின்) ஸ்டைல் சண்டையில்லாமல் ஜெயிக்கும்.

வாசகர் தன் பிரவுசரில் போட்டுக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் கதை வேறு. பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கினால் அது அவர் உரிமை. அவர் திரையில் மட்டும்தான் மாறுகிறது. 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2, வாசகரின் '!இம்பார்ட்டன்ட்' தளக்காரருடையதை வெல்லும் என்று விதியையே மாற்றியது. பிளகின்காரர் வாசகரும் இல்லை, தளக்காரரும் இல்லை.

காசு கொடுத்து வாங்கும் முன் பிளகினைச் சோதனைத் தளத்தில் போட்டு, எஃப்12 அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, 'பாடி'க்கு அதன் ஃபைலிலிருந்து ஏதாவது வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேறு பிளகின் தேடுங்கள்.