கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பறவைப் புத்தகம்

அன்பின் ஐயா,

மண்டூரில் தரம் 4 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். போன மாதம் என் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகளைக் குருமண்வெளிப் படகுப் பாதையில் ஏற்றி, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள ஒரு நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். வந்துதான் இருந்தன, ஆனால் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். ஒக்டோபர் வாசிப்பு மாத விழாவில் அதிதிகள் திறந்து வைத்த பிறகுதான் இரவல் கொடுப்பார்களாம். பறவைகளைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்தை ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டி வந்தேன்.

விழாவிலும் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டிதான். வருடா வருடம் அதே நாலைந்து பிள்ளைகளுக்குத்தான் பரிசு. "எல்லாம் போனிலயே இருக்கு ரீச்சர், ஏன் இந்த அலைச்சல்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மண்டூரிலிருந்து ஓர் ஆசிரியை

அன்பின் ரீச்சர்,

கடிதத்தை வாசித்ததிலிருந்து கண்ணாடியில் ஒட்டிய அந்த மூக்குத்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் அவளுடைய பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அலுமாரியைப் பூட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நூல் இருப்புக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர்தான். அதோடு, புத்தகம் அழிவதைப் பார்த்த மண் இது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. மறுநாள் அப்பா முற்றத்தில் பாய் விரித்து, நனைந்த புத்தகங்களைக் காயப் போட்டார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கத்தோடு போய்விடும். அப்பா ஒவ்வொரு தாளாக ஊதி ஊதிப் பிரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் யுத்தம், 2004இல் கடல். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். இவ்வளவையும் கண்டவர்கள் புத்தகத்தைப் பூட்டி வைக்க நினைப்பது எனக்கு விளங்குகிறது.

ஆனால் விழாவுக்காகப் பூட்டி வைப்பது வேறு விஷயம். அதை என்னால் ஏற்க முடியாது. புத்தகம் வந்தால் சேர்வுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இலக்கம் போட வேண்டும், முத்திரை குத்த வேண்டும், எந்தத் துறைப் புத்தகம் என்று காட்டும் பகுப்பெண் எழுதித் திகதித் தாள் ஒட்ட வேண்டும். இதற்குச் சில நாட்கள் எடுக்கும், சரி. பசை காய்ந்த அன்றைக்கே அது அந்தப் பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒக்டோபர் என்பது எவ்வளவு தூரம்! அதற்குள் அவளுக்குப் பறவை ஆசையே போய்விடலாம்.

1892ஆம் ஆண்டு நமக்குத் தெரிந்த ஆண்டு. காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தது அந்த வருடம். அதே வருடம் சீர்காழியில் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வேண்டுமென்று 1931இல் எழுதிவைத்தவர். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்பது மூன்றாவது விதி. உங்கள் பறவைப் புத்தகம் தன் வாசகியைக் கண்டுபிடித்துவிட்டது. நடுவில் நிற்பது ஒரு கண்ணாடி மட்டும்தான்.

இப்போது நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கிராமத்து நூலகத்தில் மீன்களைப் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதினைந்து பிள்ளைகள் இருக்கும், இரண்டு வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பேரனைக் கூட்டிப் போக வந்த ஒரு பெரியவர், காலமெல்லாம் வாவியில் வலை வீசியவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு படத்தைக் காட்டிப் பெயரை வாசித்ததும், "அது பிழை மனே, இஞ்ச அதுக்கு வேற பேர்" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். மணலை, ஓரா, ஒட்டி, கெளிறு என்று சொல்லிக்கொண்டே போனார். எது சேற்றில் கிடக்கும், எதன் முள் குத்தினால் கடுக்கும், எது எந்த மாதம் சினைப்படும் என்றெல்லாம். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். ஒரு பையன் எழுதவே இல்லை. அவரின் விரலில் இருந்த வலைக் கயிற்றுத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கிழமை அந்தப் புத்தகத்துக்குப் பிள்ளைகளுக்குள் சண்டை. திகதித் தாளில் இடம் போதாமல் இன்னொன்று ஒட்டினார்கள்.

மேடையும் மாலையும் இல்லாமல், ஒரு புத்தகத்தையும் ஒரு மனிதரையும் வைத்து நடந்தது அது. நூலக நிகழ்ச்சி என்று நான் கேட்பது இதைத்தான். போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஏற்கெனவே வாசிக்கிற பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறது. வாசிக்காத பிள்ளை பின்வரிசையில் கை தட்டிவிட்டுப் போகிறது. அந்தப் பின்வரிசைப் பிள்ளைக்காகத்தான் நாம் மினக்கெட வேண்டும்.

எந்த நேரத்தில் வைப்பது என்று நூலகர்கள் கேட்பார்கள். சனி ஞாயிறு என்றால் பிள்ளைகள் எல்லாம் ரியூசனில். ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, பஸ்ஸோ படகுப் பாதையோ வரும்வரை தெருவில் நிற்கிற நேரம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். முக்கால் மணி போதும். கிழமைக்கு ஒரு நாள், ஒரே நாள், தவறாமல். வருடத்துக்கு ஒரு பெரிய விழாவை விட அதுதான் பிள்ளைகளை வாசலுக்குள் கொண்டுவரும்.

இன்னொன்று, புதிய புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் முகப்புத் தெரிய நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தமிழ் இலக்கியம் என்றால் எல்லாமே 894.811 என்று ஒரே பகுப்பெண்ணின் கீழ் நெருங்கிக்கொண்டு நிற்கும். பிள்ளை எண்ணைப் பார்த்தா எடுக்கும்? அட்டைப் படத்தைப் பார்த்துத்தானே எடுக்கும்.

வாங்குகிற புத்தகங்களைப் பற்றியும் ஒரு சொல். 2022 நெருக்கடிக்குப் பிறகு, இந்தியாவில் 300 ரூபாய் போட்ட புத்தகம் இங்கே ஆயிரத்தைத் தாண்டுகிறது. நூலகத்தை நடத்துகிற உள்ளூர்ச் சபையின் காசு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் என்ன வாங்குவது என்று வாசகரைக் கேட்க வேண்டாமா? இரவல் மேசையில் ஒரு கொப்பியும் நூல் கட்டிய பேனையும் கிடந்தால் போதும், வேண்டிய புத்தகத்தின் பெயரை வருகிறவர்களே எழுதுவார்கள். உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் சேர்ந்து இதைக் கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

போனைப் பற்றிக் கேட்ட தகப்பனுக்கு: போனிலும் நல்லது இருக்கிறது. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்த புத்தகம், இப்போது கையில் கிடைப்பது கஷ்டம். அப்படிப்பட்ட பழைய ஈழத்து நூல்களைப் படி எடுத்து இலவசமாகத் தருவதற்கென்றே ‘நூலகம்’ இணையத்தளம் 2005இலிருந்து இயங்குகிறது. அவருக்கு அதைக் காட்டுங்கள். ஆனால் மணலையின் பெயர் சொல்ல அந்தப் பெரியவர் போனுக்குள் இருந்து வரவில்லை, வாசலில் இருந்துதான் வந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம் ரீச்சர். அந்த நூலகருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த ஒரு புத்தகத்தை மட்டும், உங்கள் அட்டையில், இரண்டு கிழமைக்கு. நானும் கையொப்பம் இடுகிறேன். கிடைத்ததும் எனக்கு அறிவியுங்கள், மண்டூருக்கு வருகிறேன். அதற்கு முன் பிள்ளைகள் வீட்டில் அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் கேட்டு, வாவிக்கரையில் வந்து நிற்கிற பறவைகளுக்கு ஊரில் என்ன பெயர் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். மூக்கை ஒட்டி நின்ற பிள்ளைதான் முதல் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

அன்புடன்.