அப்பாவுக்கு மயக்க ஊசி, எனக்கு என்ன வேலை?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. குடலில் கேமரா விட்டுப் பார்க்க அடுத்த வாரம் புதுச்சேரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லேசாக மயக்கம் கொடுப்பார்களாம், கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டுமாம். அப்பாவோ, "நீ எதுக்கு லீவு போடுற, நானே பைக்ல போயிட்டு மத்தியானம் வந்துடறேன்" என்கிறார். ஆனால் அம்மாவிடம் மட்டும், "மயக்கத்துல ஏதாவது உளறிட்டா?" என்று கேட்டிருக்கிறார். நான் போய் வெளியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்ன செய்துவிடப் போகிறேன்?
- வாசகி, கடலூர்

பதில்: முதலில் அந்த பைக் சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள். மயக்க ஊசி போட்ட பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரம் பேங்க் என்று எதிலும் கையெழுத்துப் போடவும் கூடாது. மறக்காமல் போகும்போதே காருக்குச் சொல்லிவிடுங்கள்.

வெளியில் உட்காரத்தானே என்று நானும் நினைத்தேன், போன வருடம் என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போனபோது. முடிந்து எழுந்து உட்கார்ந்தார், டீ குடித்தார், டாக்டர் வந்து சின்னதாக ஒரு சதை வளர்ச்சி இருந்தது, எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லச் சொல்ல "சரி சார், சரி சார்" என்று தலையாட்டினார். நான் பில் கட்டப் போயிருந்ததால் கடைசியில் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. கன்னியக்கோயில் தாண்டும்போது மனுஷர் நிதானமாகக் கேட்கிறார்: "எப்போ உள்ளே கூப்பிடுவாங்க?"

மிடாசோலம் மாதிரி மயக்க மருந்துகளின் குணம் அது. கண் திறந்திருக்கும், பேச்சும் தெளிவாக இருக்கும், ஆனால் கேட்டது எதுவும் மனதில் பதியாது. அதனால் அன்றைக்கு அப்பாவின் ஞாபகம் நீங்கள்தான். பில்லை அப்புறம் கட்டிக்கொள்ளலாம். டாக்டர் பேசும்போது பக்கத்தில் நின்று, என்ன பார்த்தார்கள், எதையாவது எடுத்தார்களா, ரிப்போர்ட் எப்போது, நிறுத்திய மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயத்தை இப்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி குறட்டை விடுவாரா, இதையும் சொல்லுங்கள். குறட்டையைச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும், அம்மாதான் சொல்ல வேண்டும்.

உண்மையான கஷ்டம் முந்தின நாள் ராத்திரிதான். குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கிற பேதி பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கணும், உப்பும் இனிப்புமாக ஒரு வழவழப்பு. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். பாத்ரூம் விளக்கை அணைக்காதீர்கள். கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போகணும், அதுவரை விடாதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டால் குடல் சரியாகத் தெரியாமல் திரும்ப வரச் சொல்லிவிடுவார்கள்.

உளறல் பற்றி: இது ஆபரேஷனுக்குக் கொடுக்கிற முழு மயக்கம் இல்லை, அவரே மூச்சு விடுவார், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் தூங்கித்தான் போவார். என் வீட்டுக்காரர் உளறியதாக நர்ஸ் சொன்னது, வஞ்சிரம் விலை.

முடிந்த பிறகு வயிறு உப்பி காற்று பிரியும், மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று அடக்குவார், நீங்களே கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். வீட்டுக்கு வந்தபின் வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தமாகப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.