கடலூரில் மாடியில் வைத்த பாண்டா செடியின் இலைகள் அழுகி உதிர்கின்றன. தினமும் தண்ணீர் தெளித்தும் ஏன் இப்படி?

தெளிப்பதால்தான் இப்படி. ஸ்பிரே பாட்டிலை இன்றோடு ஓரம் வையுங்கள்.

பாண்டா செடி, தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் சக்குலெண்ட் வகை. சொந்த ஊர் மடகாஸ்கர். இலை மேல் இருக்கும் பூனைமயிர் வெயிலைத் தடுக்கும், இலையின் ஈரம் காற்றில் போகாமல் காக்கும். கடலூர், புதுச்சேரியில் காற்றே ஈரம். மயிருக்குள் சிக்கிய தண்ணீர் ராத்திரி முழுக்கக் காயாது. பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். கற்பூரவள்ளி இலையிலும் மயிர் உண்டு, அது மழையில் நனைந்தும் தழைக்கிறது. அதை வைத்து இதை எடைபோடாதீர்கள். இன்னொன்று: இலை ஓரத்துக் காவிப் புள்ளிகள் நோயல்ல, செடியின் இயல்பான நிறம். அவற்றுக்கு மருந்து அடிக்க வேண்டாம்.

அடுத்து மண்ணைப் பாருங்கள். கடையில் வாங்கும் செடி பெரும்பாலும் வெறும் தென்னை நார்த்தூளில்தான் இருக்கும். மேலே காய்ந்து தெரியும், அடியில் சொதசொதவென்று கிடக்கும். செடியை எடுத்து நார்த்தூளை உதிர்த்துவிடுங்கள். வேரைச் சுற்றிச் சின்ன வலைக் கூடை இருந்தால் வெட்டி எடுங்கள். புதுக் கலவைக்குக் கழுவிய பருமணல் 2 பங்கு, பட்டாணி அளவு செங்கல் துண்டு 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. எம் சாண்ட் என்றால் தூள் போகும்வரை அலசுங்கள். அந்தத் தூள்தான் சிமெண்ட் மாதிரி இறுகும். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு. 4 அங்குல மண் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். மூங்கில் குச்சியை அடிவரை குத்தி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் இலையில் படாமல் மண்ணில் மட்டும், அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள்; தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கீழ் இலை மெலிந்து சுருங்கினால் தாகம். மஞ்சளாகிக் கொழகொழவென்று தொட்டதும் விழுந்தால் தண்ணீர் மிகுதி. கடலோர போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி ஓரம் வெள்ளை பூக்கும். அங்கே பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது.

காலை வெயில் 9, 10 மணிவரை போதும். கத்திரி வெயிலில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தொட்டியைத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சக்குலெண்ட் ராத்திரியில்தான் மூச்சுத்துளை திறக்கும், அப்போது தளம் கக்கும் சூடு அதை வாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கூரைக்கடியில், காற்றோடும் இடத்துக்கு மாற்றுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி மழை வந்தால் திறந்த மாடியில் எந்தக் கலவையும் தாங்காது.

மாவுப்பூச்சி இதில் பெரிய சங்கடம், வெள்ளையில் வெள்ளையாக ஒளிந்திருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பூச்சி மேல் மட்டும், சாயங்காலத்தில் ஒற்றுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வேப்பெண்ணெய்க் கரைசல் மயிரை ஒட்டவைத்துவிடும், மறுநாள் வெயிலில் இலை வெந்துவிடும். தூசிக்கு மென்மையான உலர்ந்த பெயிண்ட் பிரஷ்.

இப்போது உங்கள் செடிக்கு: தண்டின் அடி கறுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். சுத்தமான கத்தியால், வெட்டுமுகம் பச்சையாகத் தெரியும்வரை மேலே மேலே வெட்டுங்கள். நிழலில் 5 நாள் காயவிட்டு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். நல்ல இலைகளைக் காம்பு முழுசாக வரும்படி கழற்றி மண் மேல் கிடத்தினால் சில வாரங்களில் வேர் விடும். கரடிப் பாதச் செடியும் (இதேபோல் மயிர் இலை கொண்ட இன்னொரு சக்குலெண்ட்) வைத்திருந்தால் அதற்கு இந்த இலை வித்தை அநேகமாகப் பலிக்காது, தண்டுத் துண்டுதான். இரண்டையும் பூனைக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வையுங்கள், தின்றால் விஷம்.