வெட்சிச் செடியில் இலை மஞ்சளாகிறது, பூவும் குறைவு. பட்டாம்பூச்சிகள் வர என்ன செய்யலாம்?

இட்லிப்பூ என்றும் அழைக்கப்படும் வெட்சி, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலையின் மற்றப் பகுதி வெளுத்து மஞ்சளாகியிருந்தால், மண்ணின் காரத்தன்மையால் வேர்கள் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். சிமெண்ட் சுவரை ஒட்டி நட்ட செடிகளில், சுண்ணாம்பு கசிவதால், இது அடிக்கடி நேரும். செடியைத் தள்ளி நட்டு, இலைமக்கு இட்டு, கிலேட் வடிவ (கார மண்ணிலும் வேர்கள் எடுக்கக்கூடிய) இரும்பு நுண்ணூட்டத்தை அளவாகக் கொடுத்தால், புதுத் தளிர்கள் பச்சையாக வரும். பழைய இலைகள் தேறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

நாளுக்கு 6 மணி நேர வெயிலாவது தேவை. பூங்கொத்துகள் கிளை நுனியில் தோன்றுவதால், பூத்து ஓய்ந்த பிறகே கவாத்து செய்யுங்கள். தேன் மெல்லிய குழலின் அடியில் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பட்டாம்பூச்சிகளே இதை அதிகம் நாடும். பூச்சிக்கொல்லி தெளித்துவிட்டு அவற்றுக்குக் காத்திருப்பதில் பயனில்லை.