பிடித்த அல்பம் எது, ஏமாற்றிய அல்பம் எது? காரணத்தோடு சொல்லுங்கள்

கேள்வி இதுதான்: உயிராக நினைக்கும் இசை அல்பம் எது, பெரிதாக எதிர்பார்த்து ஏமாந்தது எது? கூடவே ‘ரசனை என்று சொல்லித் தப்பக் கூடாது, காரணம் வேண்டும்’ என்ற நிபந்தனையும் இருக்கிறது. நியாயமான நிபந்தனை.

முதலில் அளவுகோல். ஊரெல்லாம் முணுமுணுக்கும் அந்த ஒரு பாட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள். மிச்சம் சொந்தக் காலில் நின்றால் அது அல்பம். நிற்காவிட்டால் ஒரு பாட்டும் ஐந்து இட்டுநிரப்பலும், அவ்வளவுதான். அடுத்தது, பாடகர் வாயை மூடிய பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பல்லவி எல்லோருக்கும் நன்றாகவே அமைந்துவிடும். இசையமைப்பாளரின் உழைப்பு தெரிவது இரண்டாம் இடையிசையில். சரக்குத் தீர்ந்தவர்கள் முதலாம் இடையிசையையே அங்கே திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டிலும் முழுதாகத் தேறுவது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986). ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் நம் தியாகராஜருக்கும் காணிக்கையாகச் செய்தது. தனி வயலின் வி. எஸ். நரசிம்மன். பாட்டு கிடையாது, வரி கிடையாது, ஆகவே மறைந்துகொள்ள இடமும் கிடையாது. புதிதாகக் கேட்பவர்கள் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பகுதியில் தொடங்கலாம். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுதி) முன்னிசை, மூச்சு விடாமல் ஓடும் துண்டு, அதில் வருகிறது. அதற்கு மேலே ராஜா வேறொரு தந்திக் கோட்டை இழுக்கிறார். முதல் தடவை பாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் தடவை பாக்கை விட்டுவிட்டு மேலே வருவதை மட்டும் கேளுங்கள். மூன்றாம் தடவை இரண்டும் தானாகச் சேர்ந்துவிடும். ‘மேட் மொட் மூட் ஃபியூக்’ கொஞ்சம் கடினம். ஃபியூக் வடிவத்தில் ஒரு குரல் ஒரு சின்ன மெட்டைச் சொல்லி முடிக்கும்போது அடுத்த குரல் அதையே வேறு சுருதியில் எடுக்கும், பிறகு இன்னொன்று. தொடக்க மெட்டை வாயில் முணுமுணுக்கப் பழகிக்கொண்டு, அது அடித்தந்திகளில் எப்போது தலைகாட்டுகிறது என்று கவனித்தால் வழி பிடிபடும். இந்த அல்பத்தின் இசையைத்தான் பாலு மகேந்திரா ‘வீடு’ படத்தின் பின்னணிக்கு எடுத்துக்கொண்டார். அவர் மட்டக்களப்பில் பிறந்தவர் என்பதால் இலங்கைக்காரர்களான நமக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை.

படப்பாடல்களில் என் முதல் இடம் ‘தளபதி’ (1991). ‘ராக்கம்மா’வைக் கழித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ‘சுந்தரி கண்ணால்’ ஒன்றே ஒரு அல்பத்துக்குச் சமம். அதன் இடையிசைகளில் தந்திகளும் பித்தளை வாத்தியங்களும் போர்க்களம் கட்டி எழுப்பும். பிறகு அந்த இரைச்சலெல்லாம் ஒரு நொடியில் அடங்கி ஜானகியின் குரலுக்கு வழி விடும். மும்பைக்குப் போய்ப் பதிவு செய்த பாட்டு, அந்தப் பெரிய குழுவின் அகலம் காதில் தெரிகிறது. ‘யமுனை ஆற்றிலே’ மிகச் சின்னது. இன்னொரு சரணம் கேட்கத் தோன்றும், தராமல் விட்டதுதான் சாமர்த்தியம். ‘புத்தம் புது பூ’ படத்தில் இடம்பெறவே இல்லை. அதனால் பலர் அதைத் தவற விடுகிறார்கள். கழித்து வைத்த ‘ராக்கம்மா’வுக்கே திரும்பினால், குத்துப்பாட்டின் நடுவே அப்பரின் ‘குனித்த புருவமும்’ வந்து உட்கார்கிறது. ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. அந்தத் துணிச்சல் இன்று யாருக்கும் வராது.

ரஹ்மானில் ‘ரோஜா’வை (1992) எல்லோரும் சொல்வார்கள், நான் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) பக்கம். இலங்கைக் கதை என்பதற்காக இல்லை. ‘விடை கொடு எங்கள் நாடே’ பாட்டில் எம்.எஸ்.வி.யின் தேய்ந்த குரலை முன்னால் நிறுத்தியதற்காக. சுருதி சுத்தமான இளம் குரல் ஒன்றை அங்கே போட்டிருந்தால் பாட்டு செத்திருக்கும். ‘சிஞ்ஞோரே’யில் பைலாச் சாயல் (இலங்கையின் துள்ளல் நடனப்பாட்டு) இருக்கிறது, ஆனால் நம்மூர்க் கல்யாண வீட்டு பைலா கேட்டு வளர்ந்த காதுக்கு அது சற்று இஸ்திரி போட்ட பைலா. ‘சுந்தரி’ அல்பத்தின் பலவீனமான பாட்டு. இருந்தும் மொத்தம் நிற்கிறது.

இனி ஏமாற்றங்கள்.

பெரிய ஏமாற்றம் ‘நீதானே என் பொன்வசந்தம்’ (2012). ராஜா இசை, நா. முத்துக்குமார் வரிகள், எட்டுப் பாட்டு, ஐரோப்பிய இசைக்குழுவை வைத்து லண்டனில் தந்திப் பதிவு. இவ்வளவும் இருந்து ஏன் சறுக்கியது? மெட்டுகளில் குறை இல்லை. ‘காற்றைக் கொஞ்சம்’, ‘சற்று முன்பு’ இரண்டும் அவருடைய நல்ல மெட்டுகளின் வரிசையில் வைக்கத் தக்கவை. பிழை மூன்று இடத்தில். முதலாவது குரல் தேர்வு. ‘சாய்ந்து சாய்ந்து’ போல மேலே ஏறி நிற்க வேண்டிய கோட்டை யுவனிடம் கொடுத்தால் உச்சத்தில் குரல் மெலிகிறது. மெட்டு கேட்கும் சக்தி அங்கே இல்லை. இரண்டாவது ஒலிக்கலவை. டிரம்ஸும் கிட்டாரும் முன்னால் தள்ளி வைக்கப்பட, அவ்வளவு தூரம் போய்ப் பதிவு செய்த தந்திகள் பின்னால் ஒரு மூட்டமாகத்தான் கேட்கின்றன. தந்திகள் தனியாக வரும் இடங்களில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று கேட்டால் வயிறு எரியும். மூன்றாவது, ‘புடிக்கல மாமு’ போன்ற ஒரு பாட்டுக்கு அந்த வரிசையில் வேலையே இல்லை. அதைத் தாண்டிக் குதித்துக் கேட்டால் அல்பம் உடனே ஒரு படி உயர்கிறது. இது வெறுப்பு இல்லை, வருத்தம்.

ராஜாவின் ‘திருவாசகம்’ (2005) பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, பெரிய முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் 20 நிமிட அளவுக்கு நீளும் ‘பொல்லா வினையேன்’ பகுதியில் சிவபுராண வரிகள் தன் ஓட்டத்தைப் பிடிக்கும் நேரத்தில் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஷுவார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் மேடை நாடகப் பாணியில் குறுக்கே வருகின்றன. வேற்று மொழி என்பது பிரச்சினை இல்லை. மாணிக்கவாசகரின் அடி நெகிழ்ந்து நெகிழ்ந்து போவது, அந்த ஆங்கில மெட்டு சதுரம் சதுரமாக வெட்டியது. இரண்டும் ஒரே தாளக்கட்டில் ஒட்டாது. மார்கழியில் தேயிலைத் தோட்டத்துக் கோயில்களில் திருவெம்பாவை கேட்டுப் பழகியவர்களுக்கும், ஓதுவார் மோகனத்தில் பாடக் கேட்டவர்களுக்கும் அந்த வெட்டு இன்னும் உறுத்தும். ஆங்கிலம் இல்லாத பகுதிகளை மட்டும் தனி வரிசையாக வைத்துக் கேட்கலாம். கிட்டத்தட்ட வேறு அல்பம்.

ராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ (1988) சின்ன ஏமாற்றம். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் ஒரு பக்கம், குழு ஒரு பக்கம், முறை வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். ‘ஹவ் டு நேம் இட்’ அல்பத்தில் பேச்சு பின்னிக்கொண்டது, இதில் வரிசையில் நிற்கிறது.

ஆனால் எந்த அல்பத்தையும் மட்டம் தட்டுவதற்கு முன் எதில் கேட்டீர்கள் என்று பாருங்கள். நம் மலையகப் பக்கத்தில் இது முக்கியம். திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகள் பெரிதாக ஒன்றும் வராது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆக, ராஜா பேஸில் செய்யும் வேலை முழுவதும் அந்தக் கூம்புக்குள் காணாமல் போகும். கைபேசி ஸ்பீக்கரும் அதே கதைதான். ஹட்டன் பக்கத்து பஸ்கள் நேர் எதிர்: பேஸைக் கூட்டிக் கூட்டி, வயலின் என்று ஒன்று இருந்ததே தெரியாது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வயர் ஹெட்போன் ஒன்று போதும். இரண்டு காதிலும் மாட்டுங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டினால் ஸ்டீரியோவில் ஒரு பக்கமாக வைத்த வாத்தியங்கள் பாதி போய்விடும்.

பழைய கசெட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. ரெக்கோர்டிங் பார்களில் (கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடைகள்) அடித்துக் கொடுத்தவை பெரும்பாலும் 90 நிமிட நாடாக்கள், பக்கத்துக்கு 45 நிமிடம். நேரத்தை நிரப்ப இரண்டு படங்களைக் கலந்துவிடுவார்கள், அல்பத்தின் வரிசை அங்கேயே போச்சு. 60 நிமிட நாடாவைவிட அது மெல்லியது, இழுபட்டால் சுருதி ஆடும். ஒலி மங்கலாகக் கேட்டால் இசையமைப்பாளரைத் திட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். ஐசோபுரோபைல் மதுசாரத்தில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டை, அதாவது நாடா உரசிப் போகும் பாகத்தை, துடையுங்கள். அப்புறமும் மங்கலாக இருந்தால் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன ஸ்க்ரூவை, பாட்டு ஓடும்போதே, மிக மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். பதிவு செய்த மெஷினின் ஹெட் கோணமும் உங்களுடையதும் பொருந்தும் இடத்தில் தாளக்கட்டையின் கிணுகிணுப்பு பளிச்சென்று வரும். அங்கே நிறுத்துங்கள். நுவரெலியா, தலவாக்கலை ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் நேரே போட வேண்டாம். ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் சில நாட்கள் காயவிட்டு, பென்சிலால் கையால் சுற்றி, உலர்ந்த துணியால் ஓரத்தை ஒற்றியெடுத்த பிறகுதான்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது எது என்றால், மலையகப் பாடல்கள் என்ற பெயரில் வரும் இறுவட்டுகளும் யூடியூப் தொகுப்புகளும்தான். ஆட்களைக் குறை சொல்லவில்லை, முறையைச் சொல்கிறேன். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தொகுத்துத் தந்ததால் பாட்டின் சொல் அச்சில் நின்றுவிட்டது. மெட்டும் அடியும் அச்சில் நிற்காது, ஒலிப்பதிவில்தான் நிற்க வேண்டும். அங்கே போய்க் கேட்டால் தப்பு என்ற பறைக்குப் பதில் கீபோர்டின் ‘இந்தியன் டிரம்’ சத்தம், பின்னால் ஓயாமல் இழுபடும் சிந்தசைஸர், தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மாறாத வேகத்தில் அடிக்கும் மெட்ரோனோம். ஒப்பாரி தாளத்துக்கு அடங்கிய வடிவமே இல்லை. மூச்சு முடியும் இடத்தில் அடி முடியும், அழுகை கூடினால் அடி நீளும். அதைப் பிடித்து நிமிடத்துக்கு 90 என்று கட்டிப்போட்டால் கிடைப்பது சோகப்பாட்டு, ஒப்பாரி இல்லை. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் கட்டத்துக்குக் கட்டம் தப்பின் அடி மாறும். கம்ப்யூட்டரில் ஒரே சுற்றை வெட்டி ஒட்டினால் அந்த மாற்றம் போய்விடும்.

நல்லபடி பதிவு செய்யப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. தப்பைச் சூடு காட்டி, தோல் இறுகிய உடனே பதிவைத் தொடங்க வேண்டும். பனிக்காற்றில் தோல் சீக்கிரம் தளர்ந்து ஒலி பொத்தென்று விழும், ஆகவே பக்கத்திலேயே நெருப்பு இருக்கட்டும். மைக்கை தப்புக்கு நேர் எதிரே நீட்டாமல் ஆறேழு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். கிட்டே வைத்தால் தடித்த குச்சியின் அடி கிழிந்து கேட்கும், மெல்லிய குச்சியின் சரசரப்பு அதற்குள் முங்கிவிடும். பாடுபவர் பத்தடி தள்ளி நிற்க, அவருக்குத் தனி மைக் ஒரு சாண் தூரத்தில். கைபேசியில் எடுப்பதென்றால் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்கக்கூடிய செயலி வேண்டும். அணைக்காவிட்டால் ஒவ்வொரு தப்படிக்கும் பாடுபவரின் குரல் உள்ளே போய் வெளியே வரும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே எடுக்காதீர்கள், மழை இல்லாவிட்டாலும் கூரை எதிரொலிக்கும். காற்று அடங்கிய நேரம் பார்த்து வெளி முற்றமே மேல். எடுத்த பிறகு கீபோர்ட் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அல்லது மூலக் கோப்பைத் தொடவிடாமல் ஒரு நகலைக் கொடுங்கள்.