பிளஸ் டூ தொடங்கும் முன் வேதியியலில் எதைத் திரும்பப் படிப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பில் படிக்கிறார் என்றும், பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வில் மற்ற பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்றும் வேதியியலில் மட்டும் 58 வாங்கியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். விடுமுறையிலேயே பிளஸ் டூ பாடங்களைத் தொடங்கும் டியூஷனில் சேர்ப்பதா, பழைய பாடத்தைத் திரும்பப் படிக்க வைப்பதா என்பது தங்கள் முதல் கேள்வி. இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நீட், பொறியியல் என்று ஆசைப்படலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு இப்போதே விடை சொல்ல முடியும். இரண்டாவதற்கான விடை இந்த விடுமுறையின் முடிவில் தானாகத் தெரியவரும் என்பதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய பாடத்தைத்தான் படிக்க வேண்டும்; ஆனால் முழுவதையும் அல்ல. பிளஸ் ஒன் வேதியியலில் 15 அலகுகள் உள்ளன. அவற்றை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கும் மாணவர், பெரும்பாலும் நான்காவது அலகைத் தாண்டுவதற்குள் சலித்துப் போவார். பிளஸ் டூ பாடம் எந்தக் கருத்துகளின் மேல் நிற்கிறதோ அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, பேனாவும் தாளும் கையில் இருக்க, கணக்குப் போட்டுத் தெளிவது போதும்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மதிப்பெண் பட்டியலை ஒதுக்கிவிட்டு, பள்ளியில் விடைத்தாள் கிடைக்குமானால் அதை வாங்கிப் பாருங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் வேதியியல் மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பிரிந்திருப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 70இல் இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒன்பது வினாக்களுக்கு ஆறு எழுதினால் போதும்; ஐந்து மதிப்பெண் வினாக்களிலும் 'அல்லது' உண்டு. இந்த ஏற்பாடு மாணவருக்கு உதவியாகச் செய்யப்பட்டது என்றாலும், கணக்குகளை முழுவதுமாகத் தவிர்த்துவிட்டு வரையறைகளையும் தயாரிப்பு முறைகளையும் மனப்பாடம் செய்தே கௌரவமான மதிப்பெண் வாங்குவதற்கும் அது இடம் கொடுக்கிறது. அப்படி 85 வாங்கிய மாணவரைவிட, கணக்கை முயன்று பாதியில் தவறி 58 வாங்கிய தங்கள் மகள் நல்ல நிலையில் இருக்கலாம். எந்த வினாக்களை அவர் தொடவே இல்லை, எவற்றைத் தொட்டுத் தவறவிட்டார் என்பதை விடைத்தாள்தான் சொல்லும்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக ஓட்டிவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவும் பழக்கம் சில இடங்களில் முன்பே இருந்தது. அதற்கு இப்போது தடை இன்னும் குறைந்திருக்கிறது. நுழைவுத் தேர்வுகளோ இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன.

இனி, எதைப் படிப்பது என்பதற்கு வருகிறேன். முதலாவதும் முக்கியமானதும் மோல். விடுமுறையின் பாதியை இதற்கே கொடுத்தாலும் மிகையில்லை. ஒரு மோல் என்பது 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு துகள்கள் என்று எல்லா மாணவரும் ஒப்பிப்பார்கள். கிராமில் கொடுத்ததை மோலாக மாற்றுவதும், சமன்செய்த சமன்பாட்டின் வழியே மோலிலிருந்து மோலுக்குச் செல்வதும், பிறகு கேட்ட அலகுக்குத் திரும்புவதும் ஆகிய மூன்று படிகளும் தயக்கமில்லாமல் வருகின்றனவா என்பதுதான் சோதிக்க வேண்டியது. சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 100 கிராம். அதைச் சூளையில் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். 25 கிராம் கல்லை முழுவதும் சுட்டால் வெளியேறும் வாயு எவ்வளவு என்று கேட்டால், கால் மோல், ஆகவே 11 கிராம் என்று சூத்திரம் தேடாமல் சொல்ல வர வேண்டும்.

இதற்கு அடுத்த படியில்தான் பலர் நிற்கிறார்கள். 28 கிராம் நைட்ரஜனும் 3 கிராம் ஹைட்ரஜனும் முடிந்தவரை வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் என்று கேட்டால், 31 கிராம் என்று கூட்டிச் சொல்லும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன், அதாவது 6 கிராம் வேண்டும். இருப்பது 3 கிராம்தான். எனவே ஹைட்ரஜனே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்தும் பொருள். கிடைப்பது 17 கிராம் அம்மோனியா, மீந்து நிற்பது 14 கிராம் நைட்ரஜன். நூறு இட்லிக்கு மாவு இருந்தும் முப்பது இட்லிக்குத்தான் எரிவாயு இருக்கிறது என்றால் எத்தனை இட்லி என்பதில் வீட்டில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. மாணவர் தடுமாறுவது கிராமை மோலாக மாற்றாமலேயே ஒப்பிடத் தொடங்குவதால்தான். வாயுக்களின் மோலார் கன அளவைப் பற்றியும் ஒரு சொல்: பழைய கைடுகளில் 22.4 லிட்டர் என்றும் புதிய நூல்களில் 22.7 லிட்டர் என்றும் இருப்பதைப் பார்த்து மகள் குழம்பினால், இரண்டும் 0 டிகிரி செல்சியஸில் சரியே என்றும், முன்னது 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் பின்னது 1 பார் அழுத்தத்துக்கும் உரியவை என்றும் சொல்லிவிடுங்கள். வினாவில் எந்த அழுத்தம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அதிலேயே வந்துவிடும்.

இரண்டாவது, ஆக்சிஜனேற்ற எண்; சேர்மத்தில் ஓர் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாகவோ பெற்றதாகவோ கொள்ளப்படுகிறது என்பதைக் காட்டும் எண். இது பாடநூலில் முதல் அலகின் பிற்பகுதியில் இருப்பதால் பலர் இதை மோலின் வால் என்று எண்ணிவிடுகிறார்கள். பிளஸ் டூவில் உலோகவியல், இடைநிலைத் தனிமங்கள், அணைவு வேதியியல், மின்வேதியியல் ஆகிய நான்கு அலகுகளும் இதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டே பேசுகின்றன. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் எண் +7; அமில ஊடகத்தில் அது +2 ஆகிறது; ஆகவே ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது. மோலார் நிறையான 158ஐ 5ஆல் வகுத்தால் சமான நிறை 31.6. செய்முறைத் தேர்வில் பியூரெட்டில் பெர்மாங்கனேட்டை ஊற்றித் தரம் பார்க்கும்போது இந்த எண்ணைப் பெரும்பாலோர் நோட்டிலிருந்து மனப்பாடமாகத்தான் எழுதுகிறார்கள். ஏன் 5 என்று மகளிடம் ஒரு முறை கேளுங்கள். விளக்கிவிட்டால் இந்தப் பகுதியை அவர் கடந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

எலக்ட்ரான் அமைப்புக்கு மூன்று நான்கு நாட்கள் போதும். குரோமியமும் தாமிரமும் ஏன் வழக்கமான வரிசையை மீறுகின்றன, இரும்பு அயனியாகும்போது 3டி ஆர்பிட்டாலில் கை வைக்காமல் 4எஸ் எலக்ட்ரான்களை முதலில் இழப்பது ஏன், நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் அடுத்துள்ள ஆக்சிஜனைவிட அதிகமாக இருப்பது ஏன் என்ற மூன்றுக்கும் சொந்தச் சொற்களில் விடை எழுத முடிந்தால், ஆவர்த்தனப் பண்புகளும் சேர்ந்தே புரிந்துவிட்டன என்று பொருள்.

வேதிச் சமநிலையில், அதாவது வினை முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலை பற்றிய பாடத்தில், சற்று நின்று நிதானிக்க வேண்டும். சமநிலையைக் குலைக்கும் மாற்றத்தை ஈடுசெய்யும் திசையில் வினை நகரும் என்னும் லீ சாட்லியர் தத்துவத்தை எழுதத் தெரிந்த மாணவர், அழுத்தத்தைக் கூட்டினால் சமநிலை மாறிலி மாறுமா என்று கேட்டால் மாறும் என்றே பெரும்பாலும் சொல்வார். சமநிலையின் இருப்பிடம் நகரலாம். மாறிலி வெப்பநிலை மாறினால் மட்டுமே மாறும். இந்த வேறுபாடு தெளியாமல் பிளஸ் டூவின் அயனிச் சமநிலைக்குப் போனால் பொது அயனி விளைவும் தாங்கல் கரைசலும் வெறும் சூத்திரங்களாகிவிடும். அங்கே மடக்கையும் (லாக்) வேண்டும். 10இன் மைனஸ் 8ஆம் அடுக்கு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் மதிப்பு என்ன என்ற கேள்வி பல ஆண்டுகளாகத் தேர்வுகளில் சுற்றி வருகிறது. 8 என்று எழுதும் மாணவருக்கு மடக்கை தெரிந்திருக்கிறது. ஓர் அமிலம் நீர்த்துப்போவதால் காரமாக மாறாது என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. தண்ணீர் தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை 7க்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 6.98 என்று வரும். கால்குலேட்டர் இல்லாமல் 2, 3, 5 ஆகியவற்றின் மடக்கைகளை நினைவில் வைத்துப் போடப் பழகட்டும். நீட் தேர்வறையில் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை.

கரிம வேதியியலில் பெயரிடும் முறையையும், தூண்டல் விளைவையும், கார்பன் நேரயனிகளின் நிலைப்புத்தன்மையையும் பார்த்தால் இப்போதைக்குப் போதும். ஹைட்ரஜன், சுற்றுச்சூழல் வேதியியல் போன்ற அலகுகளை இந்த விடுமுறையில் தொட வேண்டாம். 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் அவை இல்லை.

டியூஷனைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் பிளஸ் டூ அலகுகளை ஓட்டிக் காட்டும் வகுப்பு பெற்றோருக்குத் தரும் நிம்மதி பெரிது. அடிப்படை தளர்ந்திருக்கும் மாணவருக்கு அதனால் வரும் பலன் சிறிது. கட்டணம் கட்டுவதற்கு முன், பிளஸ் ஒன் கணக்குகளை முதல் மூன்று வாரம் நடத்துவீர்களா என்று கேளுங்கள். நேரமில்லை என்பார்களானால், பள்ளி ஆசிரியரிடம் வாரத்துக்கு ஒரு நாள் சந்தேகம் கேட்க அனுமதி வாங்கிக்கொண்டு, வீட்டில் தினமும் ஒன்றரை மணி நேரம் மகளே உட்காருவது மேல்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட் ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இங்கே கணக்கில் வருவது பிளஸ் டூ மதிப்பெண்தான் என்பதால், பிளஸ் ஒன்னில் வாங்கிய 58 எந்தக் கதவையும் மூடிவிடவில்லை. நீட் தேர்வின் 720இல் வேதியியலுக்கு 180. ஒரு தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் என்பதால், அரைகுறையாகத் தெரிந்த பாடம் தெரியாத பாடத்தைவிட அங்கே அதிகம் இழப்பைத் தரும். மருத்துவம் கிடைக்காவிட்டாலும் பி.ஃபார்ம், வேளாண்மை, வேதிப் பொறியியல் என்று வேதியியலை நம்பிய வழிகள் பல உண்டு. சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் படிப்புகளையும், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கும் பி.டெக். படிப்பையும் நம் பெற்றோர்களில் பலர் விசாரிப்பதே இல்லை.

ஆகவே முடிவை ஜூனுக்குத் தள்ளிவையுங்கள். கீழுள்ள மூன்று கணக்குகளை விடுமுறையின் முதல் ஞாயிறன்றும், கடைசி ஞாயிறன்று எண்களை மட்டும் மாற்றியும், நோட்டைப் பார்க்காமல் மகள் போடட்டும். ஒன்று, 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும், எது எவ்வளவு மீதமாகும்? இரண்டு, பொட்டாசியம் டைகுரோமேட்டில் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் என்ன? மூன்று, 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து ஒரு லிட்டராக்கிய கரைசலின் பிஹெச் மதிப்பு என்ன? விடைகள் முறையே 18 கிராம் நீரும் 2 கிராம் ஹைட்ரஜன் மீதமும், +6, 13. இரண்டாம் முறை மூன்றும் சரியாக வந்து, ஒவ்வொரு படிக்கும் அவர் காரணமும் சொன்னால், நீட், பொறியியல் இரண்டுக்கும் துணிந்து தயாராகலாம். இரண்டு மாதம் உழைத்தும் முதல் கணக்கிலேயே நின்றால், விடைத்தாளையும் அவர் போட்ட தாள்களையும் எடுத்துக்கொண்டு மகளையும் அழைத்து வாருங்கள். வேதியியலைக் குறைவாக நம்பும் படிப்புகளை மூவரும் சேர்ந்து பார்ப்போம்.