பூட்டானுக்கு ஆதார் செல்லாது, வோட்டர் ஐடி போதும்

குடும்பத்தோட பூட்டான் போக ஆதாரை வச்சு பெர்மிட்டுக்குப் போட்டீங்க, அது திரும்பி வந்துடுச்சு, பாஸ்போர்ட்டும் இல்ல, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. ஆதார் அங்க செல்லாதுங்க, அப்ளிகேஷன் திரும்பி வந்ததுக்கு அநேகமா அதான் காரணம். பாஸ்போர்ட் இல்லேன்னு ட்ரிப்பை விட்டுடாதீங்க. உங்களுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் வோட்டர் ஐடி போதும், ஒம்பது வயசுப் பையனுக்கு பர்த் சர்டிபிகேட். அது மலையாளத்துல மட்டும் இருந்தா உங்க கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துல இங்கிலீஷ்லயும் இருக்கற மாதிரி இப்பவே கேட்டு வாங்கிடுங்க.

மறுபடி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க: வோட்டர் ஐடில பேரும் இனிஷியலும் எப்படி இருக்கோ அப்ளிகேஷன்லயும் எழுத்து மாறாம அப்படியே இருக்கணும், நம்ம கேரளா-தமிழ்நாடு பார்டர் பக்கம் ஒரு கார்டுல அப்பா பேரு இன்னொண்ணுல வீட்டுப்பேருன்னு இருக்கும், அதுலதான் நெறைய பேரு மாட்டறாங்க. ஐடிலயே தப்புன்னா, வோட்டர் ஐடி திருத்தறதுக்கான ஃபார்ம் 8 போட்டு திருத்துங்க.

நீங்க போட்ட செலவுக் கணக்குல எஸ்டிஎஃப், அதாவது டூரிஸ்டுகிட்ட பூட்டான் அரசாங்கம் ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாங்கற கட்டணத்தை மறந்துட்டீங்க. இந்தியருக்கு ராத்திரிக்கு 1200 ரூபா, பையனுக்குப் பாதி, அஞ்சு ராத்திரிக்கு மூணு பேருக்கும் 15,000 ஆயிடும். ரூம், சாப்பாடு தனி.

பாலக்காட்டுல விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி நியூ ஜல்பாய்குரி, அங்கிருந்து ஹாசிமாரா, நம்ம பக்கத்து எல்லை ஊரான ஜெய்கான் வழியா பூட்டான் பக்கத்து எல்லை ஊரான ஃபுன்ஷோலிங். நீங்க சொன்ன ரூட் சரிதான்.

ஆனா கட்டணமும் ரூல்ஸும் அடிக்கடி மாத்தறாங்க, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பூட்டான் இமிக்ரேஷன் சைட்ல ஒருக்கா பாத்துக்கங்க.